பானை, பாட்டில், மாங்கூழ் டின், முறம்: வீட்டுச் சாமான்களுக்கு வண்ணம் தீட்ட முழுமையான வழிகாட்டி

தீட்டிய வண்ணம் மூன்றே மாதத்தில் உரிந்து வந்தால் எல்லோரும் பெயின்டைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் பெயின்ட் மேல் குற்றமில்லை. அடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கும், ஈரம் இருந்திருக்கும், உப்பு இருந்திருக்கும், இல்லாவிட்டால் பெயின்ட் பற்றிக்கொள்ளச் சொரசொரப்பே இல்லாமல் வழவழவென்று இருந்திருக்கும். இந்த நாலையும் தீர்த்துவிட்டால் பதினைந்து மில்லி பாட்டிலில் வரும் சாதாரண அக்ரிலிக் வண்ணமே வருஷக்கணக்கில் நிற்கும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்த நாலில் உப்புக்குத்தான் முதலிடம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் வந்ததே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால். ஃபுளோரைடு பெயின்டை ஒன்றும் செய்யப்போவதில்லை. ஆனால் போர் தண்ணீரில் அதோடு கரைந்திருக்கும் மற்ற உப்புகள் பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளைப் படலமாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டிலையோ பானையையோ அந்தத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் அதே படலம் அங்கேயும் படியும். பெயின்ட் அந்தப் பொடியின் மேல் உட்காருமே தவிர, சாமானைப் பிடிக்காது. அதனால் எதைக் கழுவினாலும் கடைசி அலசு மட்டும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கட்டும். ஒரு சொம்பு போதும்.

என்னென்ன வாங்க வேண்டும்

ஆரம்பத்திலேயே பெட்டி நிறைய வாங்க வேண்டியதில்லை. அக்ரிலிக்கில் வெள்ளை, கறுப்பு, மஞ்சள், சிவப்பு, நீலம், காவி ஆகிய ஆறும் இருந்தால் மற்றவை கலந்துகொள்ளலாம். வெள்ளை மட்டும் 100 மில்லியாக வாங்குங்கள், அதுதான் முதலில் தீரும். பிரஷ்ஷில் உருண்டை முனை 0, 2, 4 எண்களும், தட்டை முனை 8, 12 எண்களும் போதும். உப்புத்தாள் 120, 220, 400 என மூன்று தரம். எண் கூடக் கூடத் தாள் நைசாகும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜின் மஞ்சள் பக்கத்தை ஐந்தாறு துண்டாக வெட்டி வையுங்கள். இவற்றோடு மாஸ்கிங் டேப், மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட், ஒயிட் ஃபெவிகால், வெள்ளைச் சிமென்ட் அரைக் கிலோ, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் 100 மில்லி.

எண்ணெய் வார்னிஷ் மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். வெள்ளை, வெளிர் நீலம், இளம்பச்சை எல்லாம் அதன் கீழே சில மாதத்தில் பழுப்பேறிவிடும்.

வீட்டில் மிச்சமிருக்கும் சுவர் எமல்ஷன் இருந்தால் அடிப்பூச்சுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வருஷக்கணக்காக மூலையில் கிடக்கும் பழைய எனாமல் டப்பா வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் ஈயம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய பெயின்ட் ஏறிய மரச்சாமானை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பவும் கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாளால் தேய்த்து, சேற்றை ஈரத்துணியால் வழித்துத் தாளில் சுருட்டிக் குப்பையில் போடுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு விதி உண்டு. சாப்பாடும் குடிதண்ணீரும் படுகிற இடத்தில் வண்ணம் கூடாது. டம்ளருக்கு வெளியே தீட்டினாலும் விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை விட்டுவிடுங்கள், உதடு படுகிற இடம் அது. ‘நான்-டாக்சிக்’ என்று லேபிளில் போட்டிருந்தால் தீட்டுகிற கைக்குக் கெடுதலில்லை என்று அர்த்தம், அதில் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை.

மண்பானையும் மண்தொட்டியும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குடிதண்ணீர்ப் பானைக்கு முழுக்க வண்ணம் பூசாதீர்கள். பானைத் தண்ணீர் குளிர்வது, மண்ணின் நுண்துளை வழியாகக் கசியும் ஈரம் வெளிப்பக்கம் ஆவியாவதால்தான். பெயின்ட் அந்தத் துளைகளை அடைத்துவிடும். தண்ணீரும் குளிராது, உள்ளிருந்து தள்ளும் ஈரம் பெயின்டையும் கொப்புளம் கொப்புளமாகக் கிளப்பிவிடும். ஆசையாக இருந்தால் கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, அதோடு நிறுத்துங்கள். அல்லது பானையை அப்படியே விட்டு, அது உட்காரும் மரச்சட்டத்துக்குத் தீட்டுங்கள். முழு வேலைப்பாடு பூங்கொத்து வைக்கும் பானைக்கும், வாசலில் அடுக்கும் அடுக்குப் பானைக்கும், செடித்தொட்டிக்கும்தான்.

சந்தையில் வாங்கும்போது விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கேட்டால் நன்றாக வெந்தது. ‘டொக்’ என்றால் வேகாதது அல்லது விரிசல் விட்டது. வேகாத பானை தண்ணீர் பட்டால் கரையும், அதன் மேல் எந்தப் பூச்சும் நிற்காது. உள்ளங்கையால் அழுத்தித் தடவும்போது கையில் செம்மண் ஒட்டினால் அதையும் விட்டுவிடுங்கள்.

புதுப் பானையை ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நார் போட்டுத் தேய்த்து, நிழலில் இரண்டு நாள், வெயிலில் ஒரு நாள் காயவையுங்கள். காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: பானையைக் கவிழ்த்து, மேலே ஒரு பாலிதீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். பாலிதீனின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

பழைய செடித்தொட்டி என்றால் வெளியே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். இதை உடனே தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய், காய்ந்ததும் மறுபடி வெளியே வரும். முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் உதிர்த்துத் தட்டிவிடுங்கள். பிறகு ஒரு பங்கு வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து துணியால் துடைத்து, பத்து நிமிஷம் விட்டு, நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஒரு வாரம் காயட்டும். மறுபடி பூத்தால் மறுபடி அதே வேலை. பூப்பது நின்ற பிறகுதான் பெயின்டைத் திறக்க வேண்டும்.

செடி வைக்கும் தொட்டிக்கு உள்பக்கப் பூச்சுதான் உயிர். வெளியே எவ்வளவு அழகாகத் தீட்டினாலும், செடிக்கு ஊற்றும் தண்ணீர் சுவர் வழியாக வெளியேறும்போது வண்ணத்தைத் தூக்கிவிடும். வீடு கட்டுபவர்கள் பயன்படுத்தும் அக்ரிலிக் வாட்டர்ப்ரூஃப் பூச்சு கிடைக்கிறது. உள்ளே இரண்டு கோட் அடித்து, கோட்டுக்கு நடுவே ஆறு மணி நேரம் விடுங்கள். அடித்துளையை அடைத்துவிடாதீர்கள். இந்த இடத்தில் ஒயிட் ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து அடிக்கச் சொல்பவர்கள் பலர். அது காய்ந்ததும் கண்ணாடிபோல் இருக்கும், தொடர்ந்து ஈரம் பட்டால் திரும்பவும் பாலாகி இளகிவிடும். பூச்சாடிக்குச் சரி, செடித்தொட்டிக்கு ஆகாது.

வெளிப்பக்கம் 220 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, அடிப்பூச்சு கொடுங்கள். வெள்ளை எமல்ஷன் மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. மண் இதைக் குடித்துவிடும், அதனால் முதல் கோட் திட்டுத்திட்டாகத்தான் தெரியும். திட்டை மூட வேண்டுமென்று அப்போதே தடித்து அப்பாதீர்கள். இரண்டு மணி நேரம் விட்டு, தண்ணீர் கலக்காமல் இரண்டாவது கோட். செம்மண் நிறமே பின்னணியாக இருக்கட்டும் என்று நினைத்தால் வெள்ளைக்குப் பதில் அக்ரிலிக் வார்னிஷில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு கோட் கொடுங்கள். மண் நிறம் கொஞ்சம் கறுக்கும், துளை அடைபடும், மேலே போடும் கோடு மை ஊறியதுபோல் பரவாது.

பானையைச் சமமாகப் பிரிப்பது

பானையில் பார்டர் போடும்போது கடைசிப் பூவுக்கு இடம் போதாமல் நசுங்கிப்போவதுதான் வழக்கமான கோளாறு. கண்மதிப்பை நம்பாமல் காகிதத்தை நம்புங்கள். ஒரு விரல் அகலத்துக்கு நீளமான காகிதப் பட்டையைப் பானையின் வயிற்றைச் சுற்றிப் பிடித்து, இரு முனையும் சேரும் இடத்தில் வெட்டுங்கள். அந்தப் பட்டையைப் பாதியாக, அதைப் பாதியாக, அதையும் பாதியாக மடித்தால் எட்டுப் பாகம். மடிப்பு ஒவ்வொன்றிலும் பேனாவால் குறியிட்டு, பட்டையைத் திரும்பப் பானையில் சுற்றி, குறி இருக்கும் இடங்களில் பென்சிலால் புள்ளி வையுங்கள். கழுத்துக்கும் அடிக்கும் சுற்றளவு வேறு என்பதால் அவற்றுக்குத் தனித்தனிப் பட்டை. மேலும் கீழும் உள்ள புள்ளிகளைத் துணி அளக்கும் டேப் வைத்து இணைத்தால் பானை எட்டுக் கட்டமாகிவிடும். கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லித் தர வேண்டியதில்லை. புள்ளி இருந்தால் கை தானே போகும்.

படுக்கைக்கோடு நேராக வர வேண்டுமானால் பிரஷ்ஷைச் சுற்றாதீர்கள், பானையைச் சுற்றுங்கள். இரண்டு புத்தகத்தின் மேல் முழங்கையை ஊன்றி, பிரஷ் நுனியைப் பானையில் வைத்து, இடது கையால் பானையை மெல்லத் திருப்புங்கள்.

என்ன தீட்டலாம் என்பதற்கு வெளியூர்ப் படங்களைத் தேட வேண்டியதில்லை. பர்கூர் பக்கத்தில் மல்லப்பாடியில் பாறையில் வெள்ளை நிறத்தில் தீட்டிய பழங்கால ஓவியங்கள் இருக்கின்றன. குதிரை மேல் ஆயுதத்தோடு மோதிக்கொள்ளும் வீரர்கள், நாலே கோட்டில் மனித உருவம். செம்மண் பானையில் 2-ஆம் எண் பிரஷ்ஷால் வெள்ளையில் போட இதைவிடப் பொருத்தமான உருவம் கிடைக்காது. தர்மபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களில் வாளும் வில்லும் ஏந்திய வீரன் நிற்கும் விதத்தைப் பார்த்துவிட்டு வந்தால் இரண்டாவது பானைக்கும் வேலை வந்துவிடும். இவற்றைத் துல்லியமாக நகலெடுக்க முயல வேண்டாம். கோடு கொஞ்சம் தடித்தும் மெலிந்தும் இருந்தால்தான் அழகு.

மாம்பழம் தீட்டுவது

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாங்காய் போடாமல் எப்படி? ஆனால் பெரும்பாலோர் புடவைக் கரை மாங்காயையே போடுகிறார்கள். தோப்பில் காய்க்கும் பழத்தைப் போட்டுப் பாருங்கள். பெங்களூரா நீளமாக, நுனி கிளிமூக்காக வளைந்திருக்கும். செந்தூரா கிட்டத்தட்ட உருண்டை, காம்புப் பக்கத் தோளில் சிவப்பு. செந்தூராவுக்கு முறை இது.

உருவத்தை முழுக்க மஞ்சளில் நிரப்பி நன்றாகக் காயவிடுங்கள். அடிப்பகுதிக்கு மஞ்சளில் துளிப் பச்சை கலந்து, ஸ்பான்ஜ் நுனியால் ஒற்றுங்கள். தோளுக்குச் சிவப்பு. இங்கேதான் பலருக்குத் தவறுகிறது: சிவப்பைப் பிரஷ்ஷில் நிறைய எடுத்துத் தீட்டினால் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே வேலி கட்டினதுபோல் கோடு விழும். 8-ஆம் எண் தட்டைப் பிரஷ்ஷைச் சிவப்பில் தொட்டு, பழந்துணியில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். பிரஷ்ஷில் ஏதோ இருக்கிறது என்கிற அளவு மிஞ்சட்டும். காம்பிலிருந்து கீழ்நோக்கி இலேசாக வீசுங்கள். முடி முடியாகச் சிவப்பு இறங்கி, நடுவில் தானே ஆரஞ்சாகும். மூன்று நான்கு தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. கடைசியில் இடது தோளில் வெள்ளையில் அரிசி அளவு ஒரு ஒளித்தீற்று. கறுப்பில் சுற்றுக்கோடு போடாதீர்கள், பழம் ஸ்டிக்கர்போல் ஆகிவிடும். வேண்டுமானால் நிழல் பக்கம் மட்டும் காவியில் மெல்லிய கோடு.

கண்ணாடி பாட்டில்

லேபிளை எடுக்க வெந்நீரில் துணி சோப்புத்தூள் ஒரு ஸ்பூன் போட்டு அரை மணி ஊறவையுங்கள். சூடான தண்ணீரைக் குளிர்ந்த பாட்டில் மேல் சட்டென்று ஊற்றினால் வெடிக்கும், அதனால் வெதுவெதுப்பில் ஆரம்பியுங்கள். லேபிள் வந்த பிறகும் பசை பிசுபிசுக்கும். தேங்காயெண்ணெயும் ஆப்பசோடாவும் சம அளவு குழைத்துத் தடவி, பத்து நிமிஷம் கழித்து நாரால் தேய்த்தால் வந்துவிடும். இப்போது எண்ணெய் ஏறிவிட்டது, அதைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் இரண்டு தடவை கழுவி, நல்ல தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள்.

காய்ந்ததும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு முழுக்கத் துடையுங்கள். அதற்குப் பிறகு பாட்டிலை விரலால் தொடக் கூடாது. விரல் ரேகையில் உள்ள எண்ணெயே போதும், சரியாக அந்த இடத்தில்தான் பெயின்ட் கழன்று வரும். பாட்டில் வாய்க்குள் ஒரு குச்சியில் துணி சுற்றிச் செருகி, அதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

முதல் கோட்டில் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். வழவழப்பான கண்ணாடியில் பிரஷ் இழுத்தால், போட்ட பெயின்டை அடுத்த இழுப்பு வாரிக்கொண்டு வரும். ஸ்பான்ஜ் துண்டில் தண்ணீர் கலக்காத பெயின்டை எடுத்து, ஒரு தட்டில் ஒற்றி அதிகப்படியை விட்டுவிட்டு, பாட்டிலில் தட்டித் தட்டி வையுங்கள். கண்ணாடி தெரியத்தான் செய்யும், தெரியட்டும். இரண்டு மணி நேரம் கழித்து இரண்டாவது, மறுபடி இரண்டு மணி நேரம் கழித்து மூன்றாவது. 750 மில்லி பாட்டிலுக்கு எல்லாம் சேர்த்து 20 மில்லி வரைதான் செலவாகும். ஒரே கோட்டில் மூடிவிட வேண்டுமென்று அப்பினால் மேல்தோல் மட்டும் காய்ந்து அடியில் ஈரம் நிற்கும், ஒரு வாரம் கழித்து நகம் பட்டால் முழுசாகச் சட்டை உரித்ததுபோல் வந்துவிடும்.

பிடிமானம் இன்னும் வேண்டுமென்றால் டிஷ்யூ பேப்பர் வழி இருக்கிறது. ஃபெவிகாலும் தண்ணீரும் சம அளவு கலந்து பாட்டிலில் தடவி, கைதுடைக்கும் டிஷ்யூவின் ஒரே ஒரு அடுக்கைப் பிரித்துக் கசக்கி ஒட்டி, மேலேயும் அதே கரைசலை ஸ்பான்ஜால் ஒற்றுங்கள். சுருக்கங்கள் மரப்பட்டைபோல் நிற்கும். ஒரு நாள் முழுக்கக் காய்ந்ததும் கறுப்போ காவியோ ஒரு கோட் பூசி, அதன் மேல் உலர்ந்த பிரஷ்ஷில் பொன்நிறம் தொட்டு வீசினால் மேடுகளில் மட்டும் பொன் ஏறும். ஒரு பொழுதில் முடிகிற வேலை, பார்ப்பவர்களுக்குப் பெரிய வேலையாகத் தெரியும்.

உள்ளே விளக்குப் போட ஆசைப்பட்டால் பேட்டரியில் எரியும் எல்.ஈ.டி. சரம் மட்டும். மெழுகுவர்த்தி வேண்டாம், சூட்டில் ஃபெவிகால் இளகும், டிஷ்யூ பற்றிக்கொள்ளும்.

மேடாக வரும் பூவேலை

பாட்டிலுக்கும் பானைக்கும் புடைப்பு வேலை செய்யக் கடையில் கிடைக்கும் களிமண் போன்ற கலவைப் பாக்கெட்டுகள் நன்றாக இருக்கும், விலைதான் கூட. வெள்ளைச் சிமென்ட் நாலு ஸ்பூன், ஃபெவிகால் இரண்டு ஸ்பூன், தண்ணீர் சொட்டுச் சொட்டாக, தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் குழைத்தால் அதுவே போதும். கழுவிக் காயவைத்த பால் பாக்கெட்டைச் சதுரமாக வெட்டி மருதாணிக் கோன்போல் சுருட்டி, கலவையைப் போட்டு, நுனியை ஊசிமுனை அளவு வெட்டுங்கள். அரை மணிக்குள் முடிக்க வேண்டும், அதற்குமேல் கோனுக்குள்ளேயே இறுகிவிடும்.

பிழிந்த கோட்டின் உயரம் மூன்று மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். தடித்தால் காயும்போது குறுக்கே வெடிக்கும். மாசி தாண்டிய தர்மபுரி வெயிலில் வைத்தாலும் வெடிக்கும். நிழலில் ஒரு நாள். கண்ணாடிச் சில்லு பதிப்பதென்றால் கலவை ஈரமாக இருக்கும்போதே பதித்து, விளிம்பைச் சுற்றி ஒரு கோடு பிழிந்துவிடுங்கள், அப்போதுதான் விழாது. வெள்ளைச் சிமென்ட் விரல் இடுக்கை அரிக்கும், கையுறை போடுங்கள்.

மாங்கூழ் டின்

மாங்கூழ் அடைத்து வரும் 3.1 கிலோ டின் செடி வைக்கவும், குடை நிறுத்தவும், கரண்டி போடவும் வாகான அளவு. திறந்த வாயின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். குறட்டால் உள்பக்கம் மடித்து, சுத்தியலால் தட்டி, அரம் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

செடிக்கென்றால் துளையை இப்போதே போடுங்கள், பெயின்டுக்குப் பிறகு போட்டால் சுற்றியுள்ள பூச்சு பெயர்ந்து அங்கிருந்து துரு கிளம்பும். டின்னுக்குள் ஈரமணலை இறுக்கமாக நிரப்பிக் கவிழ்த்து, இரண்டு அங்குல ஆணியால் அடியில் ஐந்து துளை. மணல் இல்லாமல் அடித்தால் அடி குழிந்து உள்ளே போய்விடும்.

சோப்பு போட்டுக் கழுவி உடனே துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். 220 தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தேய்க்க வேண்டும். மேலே இருப்பது மெல்லிய வெள்ளீய முலாம். அழுத்தித் தேய்த்து அதை எடுத்துவிட்டால் அடியில் உள்ள இரும்பு துருப்பிடிக்கும். பக்கவாட்டு மூட்டிலும் அடி வளையத்திலும் ஏற்கெனவே துரு இருந்தால் அங்கே மட்டும் 120 தாள். பிறகு ரெட் ஆக்சைடு மெட்டல் பிரைமரில் பத்தில் ஒரு பங்கு டர்பன்டைன் கலந்து ஒரு கோட், உள்ளேயும் வெளியேயும். 100 மில்லி டப்பா இரண்டு மூன்று டின்னுக்கு வரும். ஒரு ராத்திரி முழுக்கக் காய வேண்டும்.

வெளியில் வெயில் மழையில் இருக்கப்போகிற டின்னுக்கு அதன் மேல் எனாமல்தான் சரி. திண்ணைக்குள் இருப்பதென்றால் பிரைமரை 400 தாளால் தடவி மங்கலாக்கி அக்ரிலிக் பூசலாம். ஏற்கெனவே காய்ந்த பளபளக்கும் எனாமல் மேல் அக்ரிலிக் போட்டால் முத்து முத்தாக ஒதுங்கும். பூ வேலை அக்ரிலிக்கில்தான் செய்வேன் என்றால் எனாமலைத் தேய்த்து மங்கலாக்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

முறம்

இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். மூங்கில் முறத்தின் இடுக்குகள் அடைபட்டால்தான் தீட்டத் தளம் கிடைக்கும். கேழ்வரகு புடைத்துப் பழகிய வீடுகளில் முறத்துக்கு வெந்தயம் அரைத்துப் பூசும் வழக்கம் உண்டு. அதையேதான் காகிதக் கூழோடு சேர்த்துச் செய்கிறோம். சுவரில் மாட்டும் முறத்துக்கான முறை இது, இதில் மறுபடி தானியம் புடைக்கக் கூடாது.

செய்தித்தாள் 250 கிராமைச் சிறு துண்டாகக் கிழித்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, தண்ணீர் தாராளமாக விட்டு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள். கெட்டியாகப் போட்டால் மோட்டார் புகையும். துணியில் கட்டிப் பிழிந்தால் சப்பாத்தி மாவு பதத்துக்குக் கூழ் கிடைக்கும். தனியே ஊறவைத்த வெந்தயம் 50 கிராமை வழுவழுவென்று அரைத்துச் சேருங்கள். மரவள்ளிக்கிழங்கு மாவு இரண்டு டேபிள்ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் கண்ணாடியாகப் பசை வரும், ஆறியதும் அதையும் ஊற்றிப் பிசையுங்கள். வேப்பிலையை அரைத்து ஒரு கைப்பிடி சேர்ப்பவர்கள் உண்டு. பூச்சி வருவது குறையும், நிறம்தான் கொஞ்சம் பச்சையாகும், பெயின்டுக்கு அடியில் அது தெரியப்போவதில்லை.

முறத்தை ஈரத்துணியால் துடைத்து, கூழை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். விரலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு மேலே நைசாக்குங்கள். முன்பக்கம் காய்ந்ததும் பின்பக்கமும் ஒரு மெல்லிய பூச்சு அவசியம். ஒரு பக்கம் மட்டும் பூசினால் கூழ் சுருங்கும்போது முறத்தையே இழுத்து வளைத்துவிடும். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் கனமானால் நடுவில் ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். ஆடி, ஆவணியில் தொடங்கி மழை நிற்கும் வரை இந்த வேலையை எடுக்காமலிருப்பதே நல்லது. ஓசூர், தளிப் பக்கத்துக் குளிருக்கு இன்னும் கூடுதல் நாள் ஒதுக்குங்கள். மற்ற இடங்களில் கோடையில் மூன்று நாள் வெயில் போதும்.

காய்ந்ததும் மயிர்க்கோடு விரிசல்கள் இருக்கும். அதே கூழில் ஃபெவிகால் கலந்து தேய்த்து அடைத்து, 120 தாள், பிறகு 220. அதற்குமேல் எமல்ஷன் இரண்டு கோட். நடுவில் பெரிய உருவம் ஒன்று, விளிம்பில் காவிப் பட்டையும் வெள்ளைப் புள்ளியும் என்று வைத்துக்கொண்டால் முறத்துக்கு எடுப்பாக இருக்கும். புள்ளிக்குப் பிரஷ் வேண்டாம், தீக்குச்சியின் பின்நுனி சிறியதற்கு, காது குடையும் பஞ்சுக்குச்சி பெரியதற்கு. ஒரு தடவை தொட்டால் மூன்று புள்ளிதான் ஒரே அளவில் விழும், மறுபடி தொட்டுக்கொள்ளுங்கள்.

மரமணையும் பிளாஸ்டிக்கும்

மணைக்கு 120, 220 தாள்கள், மர நாரின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் வார்னிஷுக்கு அடியில் பளிச்சென்று தெரியும். மரத்துக்கான பிரைமர் (வுட் பிரைமர்) ஒரு கோட், பள்ளத்தை நிரப்ப மரத்துக்கான புட்டி, மேலே அக்ரிலிக். உட்காருகிற சாமான் என்பதால் முடிவில் சாதாரண வார்னிஷ் தாங்காது, பி.யு. (பாலியூரித்தேன்) வார்னிஷ் இரண்டு கோட்.

பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 2, 4, 5 என்று எண் இருந்தால் விட்டுவிடுங்கள். பக்கெட், எண்ணெய் கேன், சாப்பாட்டு டப்பா எல்லாம் பெரும்பாலும் அந்த வகை, என்ன தேய்த்தாலும் பெயின்ட் பிடிக்காது. சணல் கயிற்றை வரிசையாகச் சுற்றி ஒட்டிவிட்டு, அந்தச் சணல் மேல் ஸ்டென்சில் வைத்துத் தீட்டுங்கள். மிச்சமான பி.வி.சி. பைப் துண்டு என்றால் 220 தாளால் தேய்த்துத் தாராளமாகப் பூசலாம், பேனா ஸ்டாண்டுக்கு வாகு.

ஸ்டென்சிலுக்குப் பழைய எக்ஸ்ரே படத்தை வெந்நீரில் ஊறவைத்துத் துடைத்து, பிளேடால் வெட்டிக்கொள்ளலாம். அடியில் பெயின்ட் கசிகிறதென்றால் பெயின்டில் தண்ணீர் கலந்திருக்கிறீர்கள் அல்லது ஸ்பான்ஜில் அதிகம் எடுத்திருக்கிறீர்கள்.

வார்னிஷ், காயவைத்தல், பழுது

கடைசி வண்ணம் பூசி முழுதாக ஒரு நாள் ஆன பிறகே வார்னிஷ். டப்பாவைக் குலுக்காதீர்கள், குமிழி வந்து அப்படியே காய்ந்து நிற்கும். குச்சியால் மெல்லக் கலக்குங்கள். 12-ஆம் எண் தட்டைப் பிரஷ்ஷில் ஒரே திசையில் இழுத்து, போன இடத்துக்குத் திரும்பப் போகாமல் முடியுங்கள். நாலு மணி நேரம் விட்டு இரண்டாவது கோட். வார்னிஷ் பால்போல் மங்கினால் அடியில் ஈரம் இருந்தது என்று பொருள். சில நாள் வெயில்படாத காற்றோட்டத்தில் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கோடையில் பகல் பத்து மணிக்குமேல் அக்ரிலிக் பிரஷ்ஷிலேயே காயும், கோடு முடிவதற்குள் இழுபடும். விடிகாலையிலோ சாயங்காலத்திலோ தீட்டுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தாலும் இதே கதைதான். தட்டில் எடுத்த வண்ணத்தின் மேல் ஈரத்துணி ஒன்றை மூடி வைத்தால் நேரம் தாங்கும்.

தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை நனைக்காதீர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், பேப்பரில் சுற்றிப் பெட்டியில் போடாதீர்கள், பேப்பர் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகும் துடைக்க ஈரத்துணி மட்டும், ஸ்க்ரப்பர் கிட்டே போகக் கூடாது.

ஓரிடத்தில் உரிந்தால் அதன் மேலேயே பூசி மறைக்க வேண்டாம். சுற்றியுள்ள தளர்ந்த பெயின்டை நகத்தால் சுரண்டி, கெட்டியாகப் பிடித்திருக்கும் இடம் வரை எடுத்துவிட்டு, விளிம்பு தட்டாமல் 400 தாளால் சரிவாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, அடிப்பூச்சிலிருந்து தொடங்குங்கள். செடித்தொட்டியில் ஒரே இடம் திரும்பத் திரும்ப உரிகிறதென்றால் வெளியே பார்க்காதீர்கள். மண்ணைக் கொட்டி உள்பக்கப் பூச்சில் அதற்கு நேரே கீறல் இருக்கிறதா என்று தேடுங்கள்.